பழைய நினைவுகளை எழுப்பும் ஜப்பானியப் பாடல்கள்: கேட்கத் தொடங்குவோருக்கு ஒரு முழுமையான வழிகாட்டி

ஜப்பானியப் பாடல்களுக்கு இன்று புதிதாக வரும் தமிழ் நேயர்களில் பெரும்பாலோர் அனிமே வழியாகவோ, யூடியூப் தானே கொண்டுவந்து முன்னால் வைக்கும் 'சிட்டி பாப்' எனப்படும் 1980களின் நகரப் பாப் பாடல்கள் வழியாகவோதான் வருகிறார்கள். மொழி ஒரு சொல்கூடப் புரியாத நிலையிலும் ஏதோ ஓர் ஏக்கம் மனத்தைப் பிடித்துக்கொள்கிறது என்று அவர்கள் சொல்வது உண்மைதான். ஆனால் அந்த ஏக்கத்தைக் குரலின் குழைவிலும் இசைக்கருவிகளின் மென்மையிலும் மட்டும் தேடுகிறவர்கள் பத்துப் பதினைந்து பாடல்களுக்குப் பிறகு சலித்துவிடுகிறார்கள். ஜப்பானியப் பாடலாசிரியர்கள் ஏக்கத்தை நேராகப் பேசுவது குறைவு. ஓர் ஊரின் பெயர், ஒரு பருவத்தின் அடையாளம், கையில் கொள்ளும் ஒரு சிறு பொருள் ஆகியவற்றைப் பாட்டுக்குள் வைத்துவிட்டு, மீதியைக் கேட்பவரிடம் விட்டுவிடுவார்கள். ஆகவே ஒவ்வொரு பாடலிலும் எந்த இடம், எந்தப் பருவம், எந்தப் பொருள் என்ற மூன்று கேள்விகளைக் கேட்டுப் பழகுவதே சரியான நுழைவழி. கீழே உள்ள படிகளை இயன்றவரை இதே வரிசையில் பின்பற்றுமாறு கேட்டுக்கொள்கிறேன். பிந்தைய பாடல்கள் முந்தையவற்றின் மீதே கட்டப்பட்டுள்ளன.

முதல் படி: பள்ளிக்கூடப் பாடல்களிலிருந்து தொடங்குங்கள்

இந்தப் படியைத் தாண்டிச் செல்லும் ஆசை எல்லோருக்கும் வரும், தாண்ட வேண்டாம். ஜப்பானில் பிறந்து வளர்ந்த எவருக்கும் ஏக்கம் என்ற உணர்வின் இசை வடிவம் தொடக்கப் பள்ளியிலேயே கொடுக்கப்பட்டுவிடுகிறது.

1914-இல் கல்வி அமைச்சகம் ஆறாம் வகுப்புக்காக வெளியிட்ட பாடநூலில் இடம்பெற்ற 'ஃபுருசாதோ' என்ற பாடலை முதலில் கேளுங்கள். தலைப்பின் பொருள் சொந்த ஊர். வரிகளை எழுதிய தகானோ தட்சுயுகி நாகானோ மாகாணத்து மலைக்கிராமத்தில் பிறந்தவர். இசையமைத்த ஓகானோ தெய்இச்சி தொத்தோரியைச் சேர்ந்தவர். முயலைத் துரத்திய அந்த மலை, சிறு மீன் பிடித்த அந்த ஆறு என்று முதல் சரணம் தொடங்குகிறது. பெற்றோர் எப்படி இருக்கிறார்களோ, நண்பர்கள் நலமோ என்று இரண்டாவது கேட்கிறது. எண்ணியதை முடித்தபின் ஒருநாள் திரும்புவேன் என்று மூன்றாவது சொல்கிறது. இங்கே கவனிக்க வேண்டியது, பாடுபவர் ஏற்கெனவே ஊரை விட்டுப் போன பெரியவர் என்பதும், ஆனால் அதைப் பாடக் கற்றவர்கள் ஊரை விட்டு எங்கும் போயிராத பன்னிரண்டு வயதுப் பிள்ளைகள் என்பதும்தான். பிரிவு நேர்வதற்கு முன்பே பிரிவின் பாட்டு அவர்களுடைய வாய்க்கு வந்துவிட்டது. பின்னாளில் உண்மையிலேயே ரயிலேறியவர்களுக்கு அது ஆயத்தமாகக் காத்திருந்தது. 1998 நாகானோ குளிர்கால ஒலிம்பிக்ஸ் நிறைவு விழாவில் பாடப்பட்டதும் இதுவே. 2011 நிலநடுக்கத்துக்கும் அணுஉலை விபத்துக்கும் பிறகு ஊர் திரும்ப முடியாமல் நின்ற ஃபுகுஷிமா மக்கள் அந்த மூன்றாம் சரணத்தைப் பாடியபோது, நூறாண்டுப் பாடநூல் வரி முற்றிலும் வேறொரு கனத்தைப் பெற்றது.

அடுத்து 'அகா தோம்போ', அதாவது செந்தட்டான். மிகி ரோஃபூ 1921-இல் எழுதிய கவிதைக்கு யமாதா கோசாகு 1927-இல் மெட்டமைத்தார். ஹியோகோ மாகாணத்துத் தாட்சுனோவில் பிறந்த ரோஃபூவின் பெற்றோர் அவருடைய சிறுவயதிலேயே பிரிந்துவிட்டார்கள். தாய் வீட்டை விட்டுச் சென்றார். கவிதை எழுதப்பட்டபோது அவர் ஹொக்காய்தோவில் ஹாகோதாத்தே அருகிலுள்ள கத்தோலிக்கத் துறவு மடம் ஒன்றில் ஆசிரியராக இருந்தார். அந்தி வானத்துச் செந்தட்டானை யாருடைய முதுகிலோ இருந்தபடி பார்த்தது எந்த நாளில்? மலைத் தோட்டத்தில் மல்பெரிப் பழம் பறித்துச் சிறு கூடையில் போட்டது கனவுதானா? தூக்கி வளர்த்த பணிப்பெண் பதினைந்து வயதில் மணமாகிப் போனாள். ஊரிலிருந்து வந்த கடிதமும் நின்றுபோனது. மூன்று சரணங்களில் ஒரு வாழ்க்கை கழிந்துவிடுகிறது. நான்காவது சரணத்தில் எதுவுமே நடப்பதில்லை. ஒரு கம்பத்தின் நுனியில் தட்டான் அமர்ந்திருக்கிறது, அவ்வளவுதான். அழுகிறேன், தவிக்கிறேன் என்று கவிதை முழுவதிலும் ஒரு சொல் இல்லை. இந்தப் பாடலின் ஒழுங்கு பிடிபட்டுவிட்டால், அறுபது ஆண்டு கழித்து வந்த திரைப்பாடலில்கூட அதன் நிழலை உங்களால் அடையாளம் காண முடியும்.

மூன்றாவதாக 'யூயாகே கோயாகே'. நகாமுரா உகோவின் வரிகளுக்குக் குசாகாவா ஷின் மெட்டமைத்து 1923-இல் வெளிவந்த இப்பாடலில் சூரியன் சாய்கிறது, மலைக்கோயில் மணி ஒலிக்கிறது, காக்கைகளோடு சேர்ந்து நாமும் வீடு திரும்புவோம் என்று பிள்ளைகள் கைகோத்து நடக்கிறார்கள். இதன் உண்மையான வலிமை இசைத்தட்டில் இல்லை. ஜப்பானிய ஊராட்சிகளும் நகராட்சிகளும் பேரிடர் எச்சரிக்கைக்காகக் கம்பங்களில் பொருத்தியுள்ள ஒலிபெருக்கிகள் பழுதின்றி இயங்குகின்றனவா என்று பார்க்கவும், விளையாடும் பிள்ளைகளை வீட்டுக்கு அழைக்கவும், பல ஊர்களில் நாள்தோறும் மாலையில் இந்த மெட்டு ஒலிபரப்பாகிறது. சில ஊர்களில் இதற்குப் பதிலாகத் துவொர்ஷாக்கின் புதிய உலக சிம்ஃபனியின் மெதுவான பகுதியிலிருந்து எடுக்கப்பட்ட மெட்டு ஒலிக்கும். இந்த மாலை ஒலிபரப்புகளின் பதிவுகள் யூடியூபில் ஏராளம். ஒலிபெருக்கிக்கு ஒலிபெருக்கி சிறிது பிந்தி, மலையில் மோதித் திரும்பி, மெட்டு தன் மேலேயே படிவதை ஒருமுறை கேளுங்கள். சுத்தமான ஸ்டுடியோப் பதிவைவிட அது மிக அதிகமாகச் சொல்லும்.

இரண்டாம் படி: சுரவரிசையைப் பழகுங்கள்

இந்தப் படியில் நமக்கு ஒரு சாதகம் உண்டு. மெய்ஜி காலத்தில் (1868–1912) மேற்கத்திய இசையைப் பள்ளிகளில் புகுத்தியபோது, ஏழு சுரங்களில் நான்காவதையும் ஏழாவதையும் விட்டுவிட்ட ஐந்து சுர வரிசை ஒன்று வழக்குக்கு வந்தது. நம் முறையில் சொன்னால் ஸ ரி க ப த. மோகன ராகத்தின் சுரங்கள் அப்படியே அவைதாம். 'அகா தோம்போ'வின் முதல் வரியைச் சுரப்படுத்திப் பாருங்கள்: கீழ்ப் பஞ்சமத்தில் தொடங்கி, ஸ ஸ ரி க ப என்று ஏறி, மேல் ஷட்ஜத்தைத் தொட்டு, த ப என்று இறங்குகிறது. பிள்ளைகளுக்கான பாட்டு ஒன்று ஒரே மூச்சில் ஒரு ஸ்தாயிக்கும் மேலான தூரத்தைக் கடக்கிறது. அந்த ஏற்றம்தான் தொலைவு என்ற உணர்வைத் தருகிறது என்பது என் கருத்து.

இதற்குச் சோக முகம் ஒன்றும் உண்டு. சிவரஞ்சனியில் தைவதத்தை மட்டும் ஒரு படி இறக்கிச் சுத்த தைவதமாக்கினால் கிடைக்கும் ஸ ரி க ப த அது. 1931-இல் கோகா மசாவோ இசையமைத்து ஃபுஜியாமா இச்சிரோ பாடிய 'சாகே வா நமிதா கா தமேஇகி கா' இவ்வகைக்குச் சிறந்த எடுத்துக்காட்டு. மதுவானது கண்ணீரா, பெருமூச்சா என்று கேட்கும் பாட்டு அது. பிரிவையும் துயரையும் பாடும், என்கா என்று பின்னாளில் பெயர்பெற்ற பாட்டுவகை பெரிதும் இந்த மண்ணில் வளர்ந்தது. என்காவைப் பலர் பழம்பெரும் மரபாக நினைக்கிறார்கள். அந்தப் பெயர் இன்றைய பொருளில் நிலைபெற்றது 1960களின் பிற்பகுதியில்தான்.

ராகம் தெரிந்தவர்களுக்கு ஓர் எச்சரிக்கை: சுரங்கள் ஒன்றாக இருப்பதால் இவை மோகனம் ஆகிவிடுவதில்லை. காந்தாரத்தை அசைக்காமல், ஒவ்வொரு சுரத்தையும் வெறுமையாக நிறுத்திக் கேட்டால்தான் அவற்றின் இயல்பு தெரியும்.

மூன்றாம் படி: உவேனோ நிலையத்தில் இறங்குங்கள்

எனக்கு மிகவும் நெருக்கமான பகுதி இது. இவ்வகைப் பாடல்களின் நடு நரம்பு என்று ஒரே இடத்தைச் சுட்டச் சொன்னால், டோக்கியோவின் உவேனோ ரயில் நிலையத்தைத்தான் சுட்டுவேன். வடகிழக்கு மாகாணங்களான ஆஓமொரி, இவாத்தே, அகிதா ஆகியவற்றிலிருந்து வந்த ரயில்கள் வந்து நின்ற இடம் அது. இவாத்தேயில் பிறந்த கவிஞர் இஷிகாவா தகுபோகு 1910-இல் வெளியிட்ட தொகுப்பில், சொந்த ஊர்ப் பேச்சின் நினைவு வாட்டும்போது நிலையத்துக் கூட்டத்துக்குள் அதைக் கேட்கப் போகிறேன் என்று மூன்று வரியில் எழுதினார். அந்தக் கவிதை இன்றும் நிலையத்தில் பொறிக்கப்பட்டிருக்கிறது.

1954 முதல் சுமார் இருபது ஆண்டுகள், நடுநிலைப் பள்ளி முடித்த பதினைந்து வயதுப் பிள்ளைகளைத் தொழிற்சாலைகளுக்கும் கடைகளுக்கும் கூட்டங்கூட்டமாக ஏற்றிவந்த சிறப்பு ரயில்கள் இங்கே வந்தன. பொருளாதார வளர்ச்சிக் காலத்து முதலாளிகள் அவர்களைப் பொன் முட்டைகள் என்று அழைத்தார்கள். 1964-இல், டோக்கியோ ஒலிம்பிக்ஸ் நடந்த அதே ஆண்டில், இசாவா ஹாச்சிரோ பாடிய 'ஆ உவேனோ எக்கி' அந்தப் பிள்ளைகளின் பாட்டாயிற்று. நகரம் தன்னை உலகுக்குக் காட்டிக்கொண்ட ஆண்டில், அதைக் கட்டியவர்கள் நிலையத்தில் நின்று ஊரை நினைத்தார்கள் என்ற முரணை மனத்தில் வைத்துக்கொண்டு அதைக் கேட்க வேண்டும்.

அடுத்து அதே நிலையத்திலிருந்து எதிர்த்திசையில் பயணம் செய்யுங்கள். 1977-இல் வந்த 'ட்சுகாரு கைக்யோ ஃபுயுகெஷிகி', ஜப்பானின் முதன்மைத் தீவுக்கும் வடக்கே உள்ள ஹொக்காய்தோவுக்கும் இடைப்பட்ட ட்சுகாரு நீரிணையின் குளிர்காலக் காட்சி. வரிகள் அகு யூ, இசை மிகி தகாஷி, பாடியவர் அப்போது பத்தொன்பதாவது வயதை எட்டிக்கொண்டிருந்த இஷிகாவா சயுரி. உவேனோவில் புறப்பட்ட இரவு ரயிலிலிருந்து இறங்கும்போதே ஆஓமொரி நிலையம் பனிக்குள் இருக்கிறது என்று பாட்டு தொடங்குகிறது. 700 கிலோமீட்டருக்கும் மேற்பட்ட பாதையை, ஓர் இரவு முழுவதையும், அகு யூ ஒரே வாக்கியத்தில் விழுங்கிவிடுகிறார். அந்த இரவில் பாட்டில் பேசும் பெண் என்ன நினைத்தாள் என்று ஒரு சொல்கூட இல்லை. வடக்கே திரும்பும் கூட்டத்தில் யாரும் பேசுவதில்லை, கடலின் இரைச்சல் மட்டும் கேட்கிறது. அவள் தனியே கப்பலேறுகிறாள், விறைத்துப்போனவை போல் தோன்றும் கடற்பறவைகளைப் பார்த்து அழுகிறாள். யாரைப் பிரிந்தாள், ஏன் பிரிந்தாள் என்பதைப் பாடல் விளக்குவதில்லை. இந்தப் பாடலுக்குப் பின்னர் இன்னோர் இழப்பும் சேர்ந்துகொண்டது: 1988 மார்ச் 13 அன்று கடலடிச் சுரங்க ரயில்பாதை திறக்கப்பட்டபோது, ஆஓமொரிக்கும் ஹாகோதாத்தேவுக்கும் இடையே அவள் ஏறிய அந்த ரயில்வேக் கப்பல் சேவை முடிவுக்கு வந்தது. பாட்டு இருக்கிறது, அதில் வரும் பயணம் இல்லை.

அதே 1977-இல் சென் மசாவோ பாடிய 'கிதாகுனி நோ ஹாரு', வடநாட்டு வசந்தம். பிர்ச் மரம், நீல வானம், தென்றல் என்று வெறும் பெயர்ச்சொற்களாகவே தொடங்கும். நகரத்தில் பருவம் மாறியதே தெரியாது என்று நினைத்துத் தாய் அனுப்பிய சிறு பார்சல் ஒன்று வந்து சேர்கிறது. அந்த ஊருக்குத் திரும்பிவிடலாமா என்ற கேள்வியோடு சரணம் முடிகிறது. திரும்புவேன் என்று 1914-இல் உறுதியாகச் சொன்ன பாட்டு, 1977-இல் கேள்வியாக மாறியிருக்கிறது. இது சீன மொழியிலும் ஆசியாவின் வேறு பல மொழிகளிலும் பரவியதற்குக் காரணம் இதன் எளிய ஐந்து சுர மெட்டு மட்டுமல்ல. எழுபதுகளிலும் எண்பதுகளிலும் ஊரை விட்டு நகரத்துக்கு வந்தவர்கள் ஆசியா முழுவதும் இருந்தார்கள்.

நான்காம் படி: பள்ளி நாட்காட்டியைக் கையில் வைத்துக்கொள்ளுங்கள்

ஜப்பானில் கல்வியாண்டு ஏப்ரலில் தொடங்கி மார்ச்சில் முடிகிறது. மார்ச் இறுதியிலும் ஏப்ரல் தொடக்கத்திலும் டோக்கியோ பகுதியில் செர்ரி மலர்கிறது. ஆகவே பாட்டில் செர்ரிப் பூ வந்தால் அது பட்டமளிப்பும் நண்பர்களின் பிரிவும் ஆகும் வாய்ப்பே அதிகம். ஆகஸ்ட் நடுவில், முன்னோரை வரவேற்று வழியனுப்பும் ஓபோன் நாட்களில், நகரத்தவர்கள் ஊருக்குத் திரும்புவார்கள். ஆகவே கோடை இறுதி, வாணவேடிக்கை, சில்வண்டின் ஓசை ஆகியவை முடிந்துபோன பிள்ளைப் பருவத்தைக் குறிக்கும். ஸோன் என்ற இளம்பெண்கள் குழு 2001-இல் பாடிய 'சீக்ரெட் பேஸ்' இதற்கு நல்ல சான்று. பத்தாண்டு கழித்து ஆகஸ்டில் மீண்டும் சந்திப்போம் என்று அதில் வருகிறது. 2011-இல் ஓர் அனிமேத் தொடர் அதே பாடலை மீண்டும் பயன்படுத்தியது. கலைந்துபோயிருந்த ஸோன் குழுவும் அந்த ஆகஸ்டில் மேடையில் ஒன்றுகூடியது.

ஐந்தாம் படி: சிறிய அறைக்குள் நுழையுங்கள்

1970களின் நாட்டுப்புறப் பாணிப் பாடல்களில் ஊரின் இடத்தை வாடகை அறை எடுத்துக்கொள்கிறது. மினாமி கோசெட்சுவும் காகுயாஹிமே குழுவும் 1973-இல் வெளியிட்ட 'கண்டாகாவா'வை வரிகளின் மொழிபெயர்ப்போடு மெதுவாகக் கேளுங்கள். பாடலாசிரியர் கிதாஜோ மகோதோ, வசேதா பல்கலைக்கழக மாணவராக இருந்த நாட்களை நினைத்து எழுதிய வரிகள் இவை. பேசுவது ஒரு பெண், பாடுவது ஆண்குரல். கண்டா ஆற்றோரம் மூன்று ததாமிப் பாய் விரிக்கும் அளவே உள்ள அறை, அதாவது சுமார் 50 சதுர அடி. குளியலறை கிடையாது. சிவப்புக் கைத்துண்டைக் கழுத்தில் சுற்றிக்கொண்டு அவளும் அவள் காதலனும் சந்துப் பொதுக் குளியல் இல்லத்துக்குப் போகிறார்கள். சேர்ந்து வெளியே வருவோம் என்று அவன் சொல்லியிருந்தும் அவளே எப்போதும் காத்து நிற்கிறாள். கழுவிய கூந்தல் வேர்வரை குளிர்ந்துபோகிறது. கையில் சிறு சோப்பு கடகடவென்று ஒலிக்கிறது. அந்தச் சோப்பின் ஒலியில் முழு உறவும் இருக்கிறது: வறுமை, குளிர், அவள் கை நடுக்கம், அவன் தாமதம். குற்றம் சாட்டும் தொனி இல்லை. இளமையில் எதற்கும் அஞ்சவில்லை, உன் அன்பு மட்டுமே அச்சம் தந்தது என்கிறாள்.

அவளுடைய உருவத்தை அவன் வரையும் இருபத்துநான்கு நிற வண்ணக்கட்டியை வணிகப் பெயரான குரேபாசு என்றே பாடல் குறிப்பிடுகிறது. ஆண்டிறுதி இசை நிகழ்ச்சிக்காக அதைக் கிரேயான் என்று மாற்றும்படி பொது ஒலிபரப்பு நிறுவனமான என்.எச்.கே. கேட்டபோது, குழுவினர் நிகழ்ச்சியையே மறுத்துவிட்டார்கள். அவர்கள் செய்தது சரி என்றே நினைக்கிறேன். அந்தப் பொருளின் பெயரை எடுத்துவிட்டால் அந்த அறையின் ஒரு சுவரை எடுத்தது போலாகும்.

இதனுடன் இசே ஷோசோ எழுதி 1975-இல் இருகா பாடிப் புகழ்பெற்ற 'நகோரி யுகி'யையும் சேர்த்துக்கொள்ளுங்கள். மீண்டும் ரயில் நடைமேடை, மீண்டும் பிரிவு, பருவம் தவறி விழும் பனி. ஆனால் இம்முறை ஊருக்குத் திரும்புகிறவள் அவள். நகரத்தில் நிற்பவன் அவன்.

ஆறாம் படி: போருக்குப் பிந்தைய இரண்டு பாடல்கள்

இங்கே அதிக நேரம் தேவையில்லை. போர் முடிந்த 1945 இறுதியில் நமிகி மிச்சிகோ பாடிய 'ரிங்கோ நோ உதா'வும், 1961-இல் சகாமோட்டோ க்யூ பாடிய 'உஎ ஓ முயிதே அருகோ'வும் போதும். முதலாவதைப் பாடியவர் அதே ஆண்டு மார்ச் டோக்கியோ வான்தாக்குதலில் தாயை இழந்தவர். பாட்டோ சிவப்பு ஆப்பிளைப் பற்றிய உற்சாகப் பாட்டு. இரண்டாவது, கண்ணீர் வழியாதிருக்க அண்ணாந்து நடப்போம் என்பது. எய் ரொகுசுகே எழுதி நகாமுரா ஹாச்சிதாய் இசையமைத்த இது, 'சுகியாகி' என்ற தொடர்பில்லாத உணவுப் பெயரில் 1963 ஜூனில் அமெரிக்காவின் பில்போர்டு பட்டியலில் மூன்று வாரம் முதலிடத்தில் இருந்தது. பாடகர் 1985 ஆகஸ்ட் 12 அன்று நடந்த ஜப்பான் ஏர்லைன்ஸ் விமான விபத்தில் இறந்தார். பாட்டின் நடுவே அவர் எழுப்பும் சீட்டியொலியை இன்று எந்த ஜப்பானியரும் அந்த நினைவின்றிக் கேட்பதில்லை.

ஏழாம் படி: ஒகினாவாவைத் தனியாகக் கேளுங்கள்

ஜப்பானின் தென்கோடித் தீவுக்கூட்டமான ஒகினாவாவின் மரபுச் சுரவரிசை ஸ க ம ப நி. நம் கம்பீர நாட்டையின் சுரங்களே அவை. தி பூம் குழுவின் மியாசாவா கசுஃபுமி 1992-இல் வெளியிட்ட 'ஷிமா உதா'வில் இதைத் தெளிவாகக் கேட்கலாம். 1945 ஒகினாவாப் போரில் பிழைத்தவர் ஒருவரிடம் கேட்டறிந்ததன் பின் எழுதியதாக அவர் கூறியிருக்கிறார். கரும்புக் காட்டில் சந்தித்து, கரும்பின் அடியில் பிரிந்ததைப் பாடும் இடத்தில் தீவின் சுரவரிசையை விட்டு மெட்டு விலகிவிடும்; அந்த மாற்றத்தைக் காத்திருந்து கேளுங்கள். மொரியாமா ரியோகோ தன் மறைந்த அண்ணனை நினைத்து எழுதி, பெகின் குழு இசையமைத்து, நட்சுகாவா ரிமி 2001-இல் பாடிப் பரவிய 'நாதா சோசோ'வை இதற்குப் பிறகு கேட்கலாம்.

எட்டாம் படி: இப்போது நகரப் பாப்புக்குத் திரும்புங்கள்

மட்சுபாரா மிகியின் 'மயோநாகா நோ டோவா' 1979-இலும், தகேஉச்சி மரியாவின் 'பிளாஸ்டிக் லவ்' 1984-இலும் வந்தன. வந்த காலத்தில் இவை பழையதை நினைக்கும் பாடல்களாக எழுதப்படவில்லை. அன்றைய நகரத்தின் புதுமையே இவற்றின் பொருள். பல ஆண்டுகள் கழித்து இணையத்தில் இவற்றைக் கண்டெடுத்த உலக நேயர்கள்தாம், தாங்கள் வாழ்ந்திராத ஒரு காலத்தின் ஏக்கத்தை இவற்றின் மேல் ஏற்றினார்கள். அது பொய்யான உணர்வு அல்ல, ஆனால் அது கேட்பவருடையது. ஜப்பானியர்களுக்கு அந்தக் காலத்தின் முடிவை ஒலிப்பது வேறொரு பாட்டு: ஷோவா பேரரசர் (ஹிரோஹிட்டோ) 1989 ஜனவரி 7 அன்று மறைந்த நான்காம் நாள் வெளிவந்த 'கவா நோ நகாரே நோ யோ நி'. அதைப் பாடிய மிசோரா ஹிபாரி, போருக்குப் பிந்தைய ஜப்பானின் குரலாகவே இருந்தவர், அதே ஆண்டு ஜூன் 24 அன்று 52 வயதில் காலமானார்.

ஒன்பதாம் படி: தேடலும் பாடலும்

ரோமன் எழுத்தில் தேடினால் சில பதிவுகளே கிடைக்கும். விக்கிப்பீடியாவிலிருந்து ஜப்பானிய எழுத்துத் தலைப்பைப் படியெடுத்து அதைக்கொண்டே தேடுங்கள். என்காப் பாடகர்கள் ஒரே பாட்டைப் பல முறை மறுபதிவு செய்வதுண்டு. வயது ஏற ஏற வேகம் குறைந்து அலங்காரம் கூடும். எனவே வெளியான ஆண்டின் பதிவை முதலில் கேட்டுவிட்டு மற்றவற்றுக்குச் செல்லுங்கள். பள்ளிப் பாடல்களுக்குப் பெரிய வாத்தியக்குழு வேண்டாம். பியானோவும் ஒரு குரலும், அல்லது குழந்தைகளின் சேர்ந்திசையும் போதும். முதல்முறை வரிகள் இல்லாமலும், இரண்டாம்முறை மொழிபெயர்ப்பை முழுவதும் படித்து முடித்த பிறகும், மூன்றாம்முறை வரிகளைக் கண்ணால் தொடர்ந்தபடியும் கேட்பது நல்ல பழக்கம்.

பாடிப் பார்க்க விரும்புவோருக்கு 'கிதாகுனி நோ ஹாரு' ஏற்றது. நெடில் குறில் வேறுபாட்டைத் தமிழில் காப்பது போலவே காக்க வேண்டும். இரட்டிக்கும் மெய்க்கு முழு மாத்திரை கொடுக்க வேண்டும். சொல்லின் இறுதியில் வரும் ன் ஒலிக்கும் தனி மாத்திரை உண்டு. சரணத்தின் கடைசிக் கேள்வியில் குரலை உயர்த்திக் கெஞ்ச வேண்டாம். சென் மசாவோ அந்த வரியைச் சாதாரணப் பேச்சுக்கு அருகில் வைத்தே பாடுகிறார். அந்த அளவிலேயே நிறுத்திப் பழகுங்கள்.